மூன்றாம் எண்ணுக்கு இரண்டு பேர்!

குட்டீஸ், ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "மூன்று!" என்கிறார். "உள்ளேன் ஐயா!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுகின்றன. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கும் யாரோ தவறுதலாக மூன்றாம் எண்ணையே கொடுத்துவிட்டார்கள்!

வகுப்பறை என்பதால் சிரித்துவிட்டுச் சரிசெய்துவிடலாம். இதே குழப்பம் கம்ப்யூட்டருக்குள் நடந்தால்? ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது.

கம்ப்யூட்டரின் உள்ளே மதர்போர்டு என்ற பெரிய பலகை இருக்கிறது. அதில் நீளமான பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்கு ஸ்லாட் என்று பெயர். அவற்றில் ஓர் அட்டையைச் செருகினால் கம்ப்யூட்டருக்குப் புதிய திறமை வந்துவிடும். ஓர் அட்டை பாட்டுப் பாடும். இன்னொன்று மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசும். வேறொன்று படம் காட்டும்.

நம் நாட்டில் ஓர் அட்டை, கம்ப்யூட்டருக்குத் தமிழே கற்றுக்கொடுத்தது தெரியுமா? அதன் பெயர் 'ஜிஸ்ட்'. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்த இந்தத் தொழில்நுட்பத்தை, 1988-இல் புனேயில் தொடங்கப்பட்ட 'சி-டாக்' என்ற அரசு நிறுவனம் வளர்த்தெடுத்தது. அந்நாளில் கடையில் வாங்கும் கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். இந்த அட்டையைச் செருகினால் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எழுத்துகள் திரையில் வந்து நிற்கும். ஒரு பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, அதையே கன்னட எழுத்திலும் மாற்றிப் பார்க்கலாம். எல்லையில் இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால், அந்தக் காலத்து அட்டைகளைச் செருகிவிட்டால் மட்டும் போதாது. எண் கொடுக்க வேண்டும்.

எதற்கு எண்? கம்ப்யூட்டரின் மூளையான சிப் எப்போதும் ஏதாவது வேலையில் மூழ்கியிருக்கும். நீங்கள் கீபோர்டைத் தட்டியதும், "நான் ஒன்றாம் எண், என்னைக் கொஞ்சம் கவனி" என்று அதற்கு ஓர் அழைப்பு போகும். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 0 முதல் 7 வரை எட்டே எட்டு அழைப்பு எண்கள்தான். 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 6 ஃப்ளாப்பி டிரைவுக்கு என்று பாதி எண்கள் முன்பே போய்விடும். 1984-இல் வந்த அடுத்த மாடலில் இன்னும் சில எண்கள் கூடின. அதுவும் போதவில்லை.

மவுஸைச் செருகும் இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கு எண் 3. பல நெட்வொர்க் அட்டைகளுக்கும் தொழிற்சாலையிலேயே 3 என்று வைத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் என்ன, மவுஸை நகர்த்தினால் நெட்வொர்க் நின்றுபோகும். சில நேரம் கம்ப்யூட்டரே உறைந்துவிடும். எண்ணை மாற்ற வேண்டுமானால் மூடியைக் கழற்றி, அட்டையை உருவி, 'ஜம்பர்' என்ற குட்டிப் பிளாஸ்டிக் தொப்பியை ஒரு ஜோடி ஊசியிலிருந்து எடுத்து அடுத்த ஜோடியில் மாட்ட வேண்டும். கை தவறி மேஜைக்கடியில் விழுந்தால் அவ்வளவுதான், தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றால் ஒருவருக்குத்தான் கஷ்டம். சர்வர் நின்றால்? சர்வர் என்பது ஒரே நேரத்தில் பலருக்கு வேலை செய்து தரும் கம்ப்யூட்டர். உங்கள் அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட்டை அனுப்புவது அதுதான். அதனால் 1988-இல் ஒன்பது கம்பெனிகள் கூடி 'ஈசா' என்ற புது வகை ஸ்லாட்டை அறிவித்தன. சர்வர்களில் அது அதிகம் பயன்பட்டது. ஒவ்வொரு அட்டையோடும், அதைப் பற்றிய விவரம் ஃப்ளாப்பியில் வரும். ஒரு புரோகிராம் அதைப் படித்து, மோதாமல் எண்களைப் பங்கிட்டுத் தரும். 1992-இல் இன்டெல் கொண்டுவந்த 'பி.சி.ஐ.' இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே அது ஒவ்வொரு ஸ்லாட்டையும், "நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும். அட்டையே பதில் சொல்லிவிடும்.

இந்த மாதிரி ஸ்லாட்டில்தான் நம் விஞ்ஞானிகள் ஒரு சாதனை செய்தார்கள். 1980-களில் அமெரிக்கா தன் சிறந்த சூப்பர் கம்ப்யூட்டரை நமக்கு விற்கத் தயங்கியது. நாமே செய்வோம் என்று சி-டாக் இறங்கியது. 1991-இல் 'பரம் 8000' வந்தது. 2003-இல் 'பரம் பத்மா' வந்தது. இருந்த இடம், மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிப் போனால் வரும் பெங்களூருதான். அதில் 248 சிப்கள். ஆனால், 248 பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கணக்கு எப்படி முடியும்? அவர்களைப் பேச வைக்க, சி-டாக் தானே ஒரு நெட்வொர்க்கையும் அதற்கான அட்டையையும் உருவாக்கியது. 'பரம்நெட்-2' என்று பெயர். நொடிக்கு 250 கோடி பிட் தகவல் பாயும்! 2003 ஜூனில் வெளியான, உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் பரம் பத்மாவுக்கு 171-ஆவது இடம்.

இப்போதைய சர்வர்களில் 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' ஸ்லாட்டுகள். எண் சண்டை அநேகமாக ஓய்ந்துவிட்டது. இப்போது இடச் சண்டை! பார்க்க நீளமாக இருக்கும் ஸ்லாட்டில் உள்ளே நான்கு பாதைகள் மட்டும் இருக்கலாம். பதினாறு பாதை கேட்கும் அட்டையை அதில் செருகினால் வேலை செய்யும்; ஆனால், நான்குவழிச் சாலை திடீரென்று ஒற்றைச் சாலையானது போல இழுத்துக்கொண்டு போகும். இரண்டு சிப் மாட்டக்கூடிய சர்வரில் ஒரு சிப்பை மட்டும் மாட்டினால், இன்னொரு சிப்புக்குச் சொந்தமான ஸ்லாட்டுகள் உயிரில்லாமல் கிடக்கும். அட்டை பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்கள்கூட உண்டு!

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றும்போது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ஆசிரியரிடம் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். மதர்போர்டின் மூலையில் ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பி இரண்டு ஊசிகள்மேல் உட்கார்ந்திருந்தால், அதுதான் ஜம்பர். தொடாதீர்கள்!