அய்யனார் மண் குதிரை

அய்யனார் மண் குதிரை என்பது காவல் தெய்வமான அய்யனாருக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படும் சுடுமண் உருவம் ஆகும். இது புரவி எனவும் அழைக்கப்படுகிறது. அய்யனார் இரவில் தம் வீரர்களுடன் குதிரையேறி ஊரைக் காப்பதாக மக்கள் நம்புகின்றனர். கோயிலின் முன் வரிசையாக நிற்பவை அப்படைக்குரிய குதிரைகளாகும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை முதலிய மாவட்டங்களில் இவற்றைக் காணலாம்.

செய்முறை

இவற்றை வேளார் எனப்படும் குயவர்கள் செய்கின்றனர். விழாவுக்கு முன்னர் ஊரார் ஒரு பிடி மண்ணை அவர்களிடம் கொடுத்துப் பணியை ஒப்படைப்பர். இது பிடிமண் கொடுத்தல் எனப்படும்.

களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து பதப்படுத்தப்படும். முதலில் நான்கு கால்கள் குழாய் வடிவில் செய்யப்படும். ஈர மண் மேற்பாரம் தாங்காது. ஆதலால் கால்கள் சற்று இறுகிய பின்னரே உடல், கழுத்து, தலை ஆகியன சேர்க்கப்படும். உருவம் முழுவதும் உள்ளீடற்றதாக இருக்கும். தடித்த மண்ணில் ஈரம் தங்கினால், சுடும்போது நீராவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். நீராவி வெளியேறத் துளைகளும் விடப்படும். நன்கு உலர்ந்தபின் விறகு, வறட்டி, வைக்கோல் கொண்டு மூடிச் சுடுவர்.

வண்ணம் பூசுதல்

சுட்ட உருவத்தின் மீது சுண்ணாம்பு பூசி, சேணம், மணி, மாலை முதலியவை வண்ணத்தில் தீட்டப்படும். விழாவில் கண் திறக்கும் சடங்கு நடைபெறும். பின்னர் குதிரைகள் ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டு செல்லப்படும். இது புரவி எடுப்பு எனப்படும்.

இன்றைய நிலை

மழையிலும் வெயிலிலும் சிதையும் குதிரைகளுக்குப் பதிலாக அடுத்த விழாவில் புதியவை வைக்கப்படும். இளையோர் இத்தொழிலைக் கற்பதும் அப்பணியின் போதே ஆகும். தற்போது பல ஊர்களில் சிமெண்ட் குதிரைகள் நிறுவப்படுகின்றன. அவை நெடுங்காலம் நிலைப்பதால், அவ்வூர்களில் வேளார்களுக்கான பணியும் இக்கலையைக் கற்கும் வாய்ப்பும் குறைந்து வருகின்றன.