மேகத்துக்குள் எதை நம்புவது?



அமெரிக்காவில் ஒரு சிற்றூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. மூளையில் இரத்தக்கசிவுள்ள ஒருவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஹெலிகாப்டர் கேட்டோம். “மேகம் தாழ்ந்திருக்கிறது, வர முடியாது” என்றார்கள். எனக்கு ஒரே கோபம். வெளியே மழைகூட இல்லை! வேறு வழியின்றி ஆம்புலன்ஸில் அனுப்பினோம்.

பிறகு ஒரு விமானி எனக்கு விளக்கினார். உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்பவை அவைதான். ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் அந்த உணர்வு மறைந்துவிடும். நேரான பின்போ, எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் தோன்றும். அடிவானம் தெரிந்தால் கண் இந்தத் தவறைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கும் வேலை இல்லை.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சிறு விமானத்தில் சோதித்தார்கள். வெளியே பார்க்க முடியாமல் செய்ததும், சராசரியாக 178 விநாடிகளில் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

ஆகவே விமானிகள் வெளிக்காட்சியை மறைக்கும் மறைப்பை அணிந்துகொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுகிறார்கள். “உடம்பு சொல்வதை நம்பாதே, கருவியை நம்பு” என்பதே பாடம். 2017 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் தலைமை விமானிக்கு இந்தத் தகுதி கட்டாயம்.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. பழக்கம் விட்டால் திறமையும் மங்கும். கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறக்க, கடந்த 6 மாதங்களில் குறைந்தது 6 முறை கருவி வழியாகத் தரையிறங்கும் முறையைச் செய்திருக்க வேண்டும். மேலும், பல ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு மேகத்துக்குள் பறக்க அனுமதியே இல்லை. அங்கே இந்தப் பயிற்சி, தவறி உள்ளே போய்விட்டால் உயிரோடு வெளியே வருவதற்குத்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பல சேவைகளில் நோயாளி யார், குழந்தையா பெரியவரா என்று விமானிக்குச் சொல்வதில்லை. இரக்கம் அவர் முடிவை மாற்றிவிடக் கூடாதே! உடன் செல்லும் நர்ஸ் “வேண்டாம்” என்றாலும் ஹெலிகாப்டர் கிளம்பாது.

அன்றைய நோயாளி சாலை வழியாகவே போய்ச் சேர்ந்தார், பிழைத்தார். இப்போதெல்லாம் “வர முடியாது” என்று பதில் வந்தால் நான் வாதாடுவதில்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன்.