ஆபீஸ் வேலையும் ஜாப் ஒர்க்தான்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி ஊரையே சுற்றிவிட்டுத்தான் தையலுக்கு வரும். ஆர்டர் எடுத்தவரிடம் சொந்தமாக நிட்டிங் மெஷினும் இருக்காது, சாயப் பட்டறையும் இருக்காது. சரக்கு மட்டும் நேரத்துக்குக் கப்பலேறிவிடும். இப்படியே வளர்ந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி, 2024-25இல் சுமார் ரூ.40,000 கோடியைத் தொட்டது.

துணி வேலையை இப்படி ஜாப் ஒர்க்காகத் துண்டு போட்டு வெளியே கொடுக்கும் ஊர், ஆபீஸ் வேலையை மட்டும் பெரும்பாலும் முழுசாகவே வைத்திருக்கிறது. காலையில் வந்து சீட்டில் உட்கார வேண்டும், மாதச் சம்பளம் வாங்க வேண்டும். குழந்தைக்காகவோ, மாமியாரின் உடல்நிலைக்காகவோ ஒருவர் அந்தச் சீட்டை விட்டு எழுந்துவிட்டால், பத்துப் பதினைந்து வருட அனுபவமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நாளைக்குப் பழைய முதலாளியின் போன் வரும். “ஏம்மா, போன வருஷத்து பர்ச்சேஸ் ஆர்டர் காப்பி எங்கம்மா வெச்சே?” “மெயில்ல பையர் பேர் போட்டுத் தேடுங்க சார், அதுலயே இருக்குதுங்க.” இந்தப் பதிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. வர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில் என்பது சுருக்கமாக அந்த பில்லைப் போடுவதுதான்: ஒரே கம்பெனியின் ஊழியராக இல்லாமல், சொந்த வீட்டிலிருந்து, நான்கைந்து கம்பெனிகளின் நிர்வாக வேலையைப் பேசிய கட்டணத்துக்கு முடித்துத் தருவது.

யோசனை புதிதல்ல. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் சிறுமியாக இங்கிலாந்து வந்த ஸ்டெஃபனி ஷெர்லி, 1962இல் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களையே தேடிப் பிடித்தார். எல்லோரும் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதினார்கள். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். போனில் பேசும்போது பின்னால் குழந்தை அழுவது கேட்காதிருக்க, டைப்ரைட்டர் சத்தத்தை டேப்பில் ஓடவிட்டாராம். பெண் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட ஆரம்பித்தார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமும் அந்த வீடுகளிலிருந்து போனதுதான்.

நம் பக்கத்தில் இதைத் தொழிலாக்கியது பெங்களூரு. சென்னையில் 1928இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டி.டி.கே. குழுமத்தின் பெங்களூருக் கிளை ஒன்று, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்காக ஊரில் பில் கட்டுவது, பெற்றோரைக் கவனிப்பது போன்ற வேலைகளைச் செய்து கொடுத்தது. அதிலிருந்து கிளைத்த ‘கெட்ஃப்ரைடே’, அமெரிக்கர்களுக்குத் தொலைதூர உதவியாளர்களை ஏற்பாடு செய்தது. அதே பெங்களூருவில், கர்நாடகத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலராக இருந்த விவேக் குல்கர்னி, ஐ.ஏ.எஸ். பணியை விட்டுவிட்டு, இதே போன்ற சேவை தரும் ‘பிரிக்ஒர்க்’ நிறுவனத்தைத் தொடங்கினார். நிர்வாக அனுபவத்தைச் சரக்காக விற்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய பதவியிலிருந்து உதாரணம் கிடைக்காது.

திருப்பூருக்கு வருவோம். இங்கே எதை விற்கலாம்? பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிற மெர்ச்சண்டைசரோடு வேலை பார்த்தவர்களுக்கு டி அண்ட் ஏ ஷீட் தெரியும்: எந்தத் தேதிக்குள் எந்த ஒப்புதல் வர வேண்டும் என்ற அட்டவணை. லேப் டிப் என்கிற சாய நிற மாதிரியை அனுப்பி ஐந்து நாளாகியும் பையர் வாய் திறக்கவில்லை என்றால் டையிங் தள்ளும். டையிங் தள்ளினால் கட்டிங் தள்ளும். கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனியின் கைக்காசில் விமானம் ஏறும். ஐந்தாம் நாள் காலையில் நினைவூட்டி ஒரு மெயில் தட்ட ஓர் ஆள் இருந்தால் போதும். அவர் ஆபீசில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நேரமும் தோதாக இருக்கிறது. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க் பையர் என்றால்தான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், ஜாப் ஒர்க் கணக்கை ஒத்துப்பார்ப்பது எல்லாம் இதே ரகம். வரி, பி.எஃப். வேலைகளில் ஒரு சிக்கல் உண்டு. ஜி.எஸ்.டி.ஆர்-1க்குப் பொதுவாக 11ஆம் தேதி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.க்கு 15, ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்கு 20. மாதாமாதம் தாக்கல் செய்கிற எல்லாக் கம்பெனிக்கும் அதே தேதிகள். ஐந்து கம்பெனியை ஒப்புக்கொண்டால் மாதத்தில் பத்து நாள் தூக்கம் இருக்காது. இரண்டோடு நிறுத்தி, மீதியை மெயில், ஃபாலோ-அப் வேலையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்குகிற பழக்கமும் ஒழிய வேண்டும். இ-வே பில் தளத்திலேயே முதலாளி தன் கணக்குக்குக் கீழ் தனிப் பயனரை உருவாக்கி, எந்த வேலைக்கு மட்டும் அனுமதி என்று வரையறுக்க முடியும். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. ஒரே பையருக்கு வேலை செய்யும் இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியல் ஒரே லேப்டாப்பில் இருந்தால், சின்ன ஊரில் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் பேசும்போது பலரும் பழைய சம்பளத்தை மணிக் கணக்கில் வகுத்து அதையே கேட்கிறார்கள். அது நஷ்டக் கணக்கு. முன்பு சம்பளத்துக்கு மேல் கம்பெனி போட்ட 12 சதவீத பி.எஃப். இனி இல்லை; ஈ.எஸ்.ஐ. வரம்பில் இருந்தவர்களுக்கு 3.25 சதவீதமும் இல்லை. கரண்ட், நெட், லேப்டாப் ரிப்பேர் சொந்தச் செலவு. பழைய பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காமலிருப்பதும் நல்லது; பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன் வரும்.

எல்லா வாடிக்கையாளரும் பனியன் கம்பெனியாகவே இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் குறைந்த கவலை ஊர் முழுக்கச் சேர்ந்தே வந்தது. கோவையில் ஒரு டாக்டர், சென்னையில் ஓர் ஆடிட்டர் என்று வெளியே ஓரிருவரைப் பிடித்து வைப்பது நல்லது. ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி’ என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் பக்கம் மட்டும் போகவே கூடாது. வேலை கொடுப்பவர் பணம் கேட்க மாட்டார்.

பதிவு விஷயம் சுலபம். ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்தைத் தாண்டாதவரை, வெளிமாநிலம், வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தாலும் இந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஆன்லைனில் இலவசம். அப்படிப் பதிந்தவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்துத் தந்தால், தருகிற வருடத்தில்தான் அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2023-24 கணக்கிலிருந்து வந்த இந்த விதி கம்பெனி ஆடிட்டர்களுக்கு அத்துப்படி. பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால், மார்ச் மாதத்தில் போன் போட்டு ஞாபகப்படுத்துகிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.