கோதையாறும் பொருள்களின் உறவும்

பொருள் நோக்கு நிரலாக்கத்தில் இனக்குழுக்களை எழுதுவது எளிது. அவற்றிற்கிடையேயான உறவைத் தீர்மானிப்பதே கடினம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாற்றுப் பாசன அமைப்பை மென்பொருளாக வடிக்க முற்பட்டால் இது விளங்கும்.

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. பறளியாற்றில் பெருஞ்சாணி அணை பின்னர் எழுந்தது. இரண்டின் நீரும் புத்தன் அணையை அடைந்து, பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு என்னும் கால்வாய்களில் பிரிகின்றது. பாண்டியன் காலிலிருந்து தோவாளை, அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு கால்வாய்கள் கிளைத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு நீர் தருகின்றன.

‘ஒரு கால்வாய்க்கு ஓர் அணை’ என்று எழுதிவிட்டால் என்ன நேரும்? பெருஞ்சாணியின் நீர் கணக்கில் வாராது. பேச்சிப்பாறையில் நீர்மட்டம் தாழ்ந்த நாளில் கடைமடைக்கு நீரில்லை என்று திரை காட்டும். அதனை நம்பிய உழவர் நாற்றுப் பாவுவதைத் தள்ளிப்போடுவார். எனவே ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா, பலவற்றுக்குப் பலவா என்பதை முதலில் குறிக்க வேண்டும்.

அடுத்தது, எது எதனுடைய பகுதி என்பது. குளமின்றி மடைக்குத் தனி வாழ்வில்லை. குளத்தை நீக்கினால் மடையும் நீங்க வேண்டும். இவ்வுட்கூறு உறவை யூஎம்எல் வரைபடத்தில் நிரப்பிய சாய்சதுரத்தால் காட்டுவர். கால்வாய்க்கும் குளத்துக்கும் இதே உறவைத் தரலாமா? கூடாது. அணைக்கு முன்பே இருந்த குளங்கள் பல. மழைநீராலும் அவை நிரம்பும். தவறான சாய்சதுரம் ஒன்றை இட்டால், கால்வாயின் பதிவை அழிக்கும்போது அதன் குளங்கள் அனைத்தும் உடன் அழியும். இங்கு நிரப்பாத சாய்சதுரம் குறிக்கும் திரட்டு உறவே போதும். மடைக்கும் வயலுக்கும் இடையில் இருப்பதோ வெறும் தொடர்பு. ஒரு கோடு போதும்.

மாணவர் பலர் முதலில் நாடுவது மரபுரிமத்தையே. நார்வே அறிஞர்கள் டால், நைகார்ட் ஆகியோரின் சிமுலா 67 மொழி வழங்கிய அக்கருத்து வலிமையானதுதான். பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் ‘நீர்த்தேக்கம்’ என்னும் இனக்குழுவின் பொருள்களாகலாம்; குளமும் நீர்த்தேக்கமும் ‘நீர்நிலை’ என்னும் பொது இனக்குழுவிலிருந்து பண்புகளைப் பெறலாம். புத்தன் அணையின் பெயரிலும் அணை உண்டு. எனினும் அதன் முதன்மைப் பணி நீரைத் தேக்குவதன்று, திருப்பிவிடுவது. பெயரை மட்டும் கண்டு நீர்த்தேக்கத்தின் கீழ்ச் சேர்த்தால், மாவட்டத்தின் நீர் இருப்பைக் கூட்டும் செயற்கூறு அதனிடமும் இருப்புக் கேட்கும். ஆகவே அதனைப் ‘பங்கீட்டணை’ என்னும் தனி இனக்குழுவாக்கி, நீர் தரும் அணைகளோடும் நீர் பெறும் கால்வாய்களோடும் தொடர்பு உறவால் இணைப்பதே பொருந்தும்.