எண்ணெய் வித்துக்களுக்கு உஷ்ணமூட்டுதல்

திண்டுக்கல் நாகல் நகரைச் சூழ்ந்த சமவெளியில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர்கள், பருப்பை ஆலைக்கு அனுப்புமுன் உஷ்ணத்தின் பயனையும் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் அவசியம்.

வித்தினுள் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் புரதச் சத்தினால் சூழப்பட்டிருக்கிறது. இயந்திர ஆலைகளில் நசுக்கிய பருப்பை நீராவியால் சூடாக்கும்போது புரதம் உறைகிறது, துளிகள் ஒன்றுசேர்கின்றன, எண்ணெய் இளகி எளிதில் வடிகிறது. காறலை உண்டாக்கும் நொதிகளும் அடங்குகின்றன. சூடு மிஞ்சினாலோ எண்ணெய் கறுக்கும். பிண்ணாக்கின் சத்தும் குன்றும்.

பூஞ்சணம் பிடித்த பருப்பைச் சூடாக்கித் திருத்திவிடலாம் என்று எண்ணுவது மட்டும் பிழை. 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் கெட்ட கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டன. அதன்பின் கண்டறியப்பட்ட அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு ஆலையின் சூட்டினால் முற்றும் அழிவதில்லை. அதன் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் கறவை மாடுகளின் பாலிலும் உருமாறி வருகிறது.

ஆகையால் பறித்த காய்களைத் தாமதமின்றி உலர்த்தி, பருப்பின் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாமல் சேமிக்க வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிப்பது காய்ந்ததற்கு அடையாளம். சுருங்கியதையும் பூஞ்சணம் பட்டதையும் பொறுக்கி நீக்க வேண்டும். அவற்றை மாடுகளுக்கும் இடலாகாது. கிராம அதிகாரிகள் அறுவடைக் காலத்தில் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.