ரோட்ஸ் தீவு: ஒட்டகக் கதையும் ஓதுவித்த ஆசானும்

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கியக் கரைக்கு எதிரே அமைந்துள்ள கிரேக்கத் தீவு ரோட்ஸ். அரபு நூல்கள் இதனை ‘ரூதிஸ்’ என்று குறிப்பிடுகின்றன. கோடைக்காலத்தில் கடல் நீராடவும் வெயில் காயவும் வரும் ஐரோப்பியர்களால் நிரம்பி வழியும் இத்தீவில், மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்று உண்டு. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்நகரைக் காண வருவோருக்கு எவை சொல்லப்படுகின்றன, எவை சொல்லப்படாது போகின்றன என்பதையே இங்கு நாம் கவனிக்கப் புகுகிறோம்.

பயணிகளின் கால்கள் முதலில் செல்வது வீரர்களின் தெருவுக்கு. அரபு வரலாற்றாசிரியர்கள் ‘இஸ்பிதாரிய்யா’ என்றழைத்த புனித யோவான் சபையினர், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1522 வரை இத்தீவை ஆண்டனர். அவர்களுடைய மருத்துவமனை இன்று தொல்பொருட் காட்சியகமாக விளங்குகிறது. தெருவின் மேற்கோடியில் அச்சபைத் தலைவரின் மாளிகை நிமிர்ந்து நிற்கிறது. ஆனால், அதன் அறைகளில் வியந்து நிற்போர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1856இல் நிகழ்ந்த வெடிமருந்து விபத்தில் அம்மாளிகை தகர்ந்துபோயிற்று. இன்று காண்பதில் பெரும்பகுதி, தீவைக் கைப்பற்றியிருந்த இத்தாலியர் 1930களின் இறுதியில் கட்டியெழுப்பியதாகும். அதன் தளங்களைப் பதித்த பழைய சித்திரக் கற்கள்கூட, பக்கத்திலுள்ள கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவையே!

மாளிகையிலிருந்து இறங்கி மந்த்ராக்கி துறைமுகத்தை அடைந்தால், பண்டைய ஏழு அதிசயங்களுள் ஒன்றான வெண்கலப் பெருஞ்சிலையின் கதை தொடங்கிவிடும். சுமார் 33 மீட்டர் உயரமுடைய அச்சிலை கி.மு. 280 அளவில் நிறைவுபெற்று, கி.மு. 226ஐ ஒட்டிய நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து வீழ்ந்தது. இதுவரை ஐயமில்லை. அடுத்து வருவதுதான் நமக்குரிய செய்தி. கி.பி. 653 அளவில் முஆவியா (ரலி) அவர்களின் படை தீவுக்கு வந்து, சிலையின் சிதைவுகளை எடெஸ்ஸா நகர யூத வணிகர் ஒருவருக்கு விற்றுவிட்டதாம். அவர் அவ்வெண்கலத்தை 900 ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றாராம். பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோபனீஸ், அந்நிகழ்வுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இதனை எழுதினார். பிறகு வந்தோர் கையில் ஒட்டகங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகிற்று. கதையில் ஒட்டகம் வந்துவிட்டால் அரபியரும் வந்துவிட்டனர் என்று பொருள்போலும்!

லாரன்ஸ் கொன்ராட் என்னும் ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், இக்கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை என்று விரிவாக வாதிட்டார். நமக்கும் எளிய ஐயம் ஒன்று எழுகிறது. வெண்கலம் விலையுயர்ந்த உலோகம். ரோட்ஸ் மக்களோ கைதேர்ந்த வணிகர்கள். எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தொடாமல் துறைமுகத்தருகே விட்டுவைத்து, எவரோ வந்து விற்கட்டும் என்று அவர்கள் காத்திருந்தனரா?

இனி நமது நூல்கள் கூறுவதைப் பார்ப்போம். இமாம் பலாதுரி தமது ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் ரோட்ஸைக் குறித்து எழுதும்போது சிலை வணிகம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஹிஜ்ரி 52இல் (கி.பி. 672) ஜுனாதா இப்னு அபீ உமய்யா தீவைக் கைப்பற்றியதையும், முஸ்லிம்கள் அங்கு ஒரு கோட்டையில் ஏழாண்டுகள் தங்கியதையும், முஆவியா (ரலி) மறைந்தபின் யஸீதின் ஆணைப்படி கோட்டையை இடித்துவிட்டுத் திரும்பியதையும் அவர் குறிப்பிடுகிறார். தீவின் ஒலிவ மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் நன்னீரையும் சொல்ல மறக்கவில்லை. அவற்றினிடையே ஒரு செய்தி நம்மை நிறுத்துகிறது: முஜாஹித் இப்னு ஜப்ர் (ரஹ்) அங்கு தங்கி மக்களுக்குக் குர்ஆன் ஓதுவித்தார் என்பது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் தலைமாணாக்கராகவும், தஃப்ஸீர் கலையின் முன்னோடியாகவும் நம் மதரஸாக்களில் நாள்தோறும் பெயர் சொல்லப்படும் அதே முஜாஹித்தான் இவர். பலாதுரி காலத்தால் தியோபனீஸுக்கும் பிந்தியவர். எனவே, முந்தியவர் யார் என்பதைக் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும், துறைமுகத்தில் ஒட்டகக் கதையைக் கேட்பவர் இந்த ஆசானின் பெயரையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பழைய நகரின் கடைத்தெருவான சாக்ரடீஸ் தெருவில் மேல்நோக்கி நடந்தால், செவ்வண்ணச் சுவர்களுடன் சுலைமானிய்யா பள்ளிவாசல் தோன்றும். 1522இல் ஆறு மாத முற்றுகைக்குப் பின் நகரைப் பெற்ற உஸ்மானிய சுல்தான் சுலைமான், யோவான் சபையினரை உயிருடனும் உடைமையுடனும் வெளியேற விட்டார். அவ்வெற்றியின் நினைவாக எழுந்த பள்ளி 1808இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. நகரின் தேவாலயங்கள் பல அக்காலத்தில் பள்ளிவாசல்களாக மாற்றப்பட்டன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு எதிரேயுள்ள சிறு கட்டடத்தைப் பெரும்பாலோர் கவனியாமலே கடந்துவிடுகின்றனர். 1793இல் ஹாபிஸ் அஹ்மத் ஆகா வக்ஃபாக நிறுவிய நூலகம் அது. கூழாங்கல் பதித்த முற்றமும், அரபு, பாரசீக, உஸ்மானியத் துருக்கிக் கையெழுத்துப் பிரதிகளும் அதன் செல்வம். நம்மவர் அங்கு சென்றால், பள்ளியின் முகப்பில் நின்று படமெடுத்துக்கொள்வதோடு அமையாமல், தெருவைக் கடந்து இந்த வாசலுக்குள்ளும் நுழைய வேண்டும் என்பது நமது விருப்பம். மந்த்ராக்கியின் வடக்கே கடற்படைத் தலைவர் முராத் ரயீஸின் பெயர் தாங்கிய பள்ளியும் மையவாடியும் உள்ளன. தலைப்பாகை வடிவில் செதுக்கிய மீஸான் கற்கள் அங்கு மரநிழலில் சாய்ந்து கிடக்கின்றன. லிண்டோஸ் மலைக்கோயிலும் கடற்கரைகளும் பிறர் எழுதி நிறைத்தவை. அவற்றை நாம் விட்டுவிடுகிறோம்.

இவையெல்லாம் கற்களாக மட்டும் எஞ்சவில்லை. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் தத்தம் சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொண்டபோது ரோட்ஸ் இத்தாலியின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, கிரீட் தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும் ரோட்ஸ் முஸ்லிம்கள் தங்கள் வீடுகளிலேயே இருந்தனர். 1947இன் உடன்படிக்கையால் தீவு கிரேக்கத்தைச் சேர்ந்தபின்னும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர்.

நகரின் கிழக்குப் பகுதியான யூதர் தெருக்களில் 1577இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. ஆனால் அதனை நிறைத்திருந்த மக்கள் இல்லை. 1944 ஜூலையில் நாஜிகள் அவர்களை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினர். அன்று அத்தீவில் துருக்கியத் துணைத்தூதராக இருந்த ஸலாஹுத்தீன் உல்குமென், துருக்கியக் குடியுரிமையைக் காரணம் காட்டி, குடியுரிமை பெற்றோரின் குடும்பத்தாரையும் அதில் சேர்த்து, நாற்பதுக்கும் மேற்பட்டோரை விடுவித்தார். தூதரக இல்லமும் அவ்வாண்டில் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. அப்போது அடைந்த காயங்களால் அவருடைய மனைவி மிஹ்ரினிஸா இறந்தார்.