இமை ஓர அழற்சி: கண்டறிவது எப்படி?

காலையில் எழுந்ததும் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். இமை ஓரம் சிவந்து அரிக்கும். "தூக்கம் போதவில்லை", "உடல் சூடு" என்று நினைத்துப் பலர் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சில நாள் குறைந்து, மீண்டும் வருகிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்கு இமையின் ஓரமே காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் இதனை பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை ஓர அழற்சி என்கிறார்கள்.

இமை ஓரத்தில் என்ன இருக்கிறது?

முன்பக்கத்தில் இமை முடிகளின் வேர்கள் உள்ளன. அதற்குச் சற்றுப் பின்னால் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் இருக்கும். 1666ஆம் ஆண்டில் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோமின் நினைவாக இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. இவற்றின் எண்ணெய்தான் கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது.

முடி வேர்ப் பகுதியில் வருவது முன் ஓர அழற்சி. சுரப்பிகள் அடைபட்டு வருவது பின் ஓர அழற்சி. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. விசாரிப்பதும் நேரில் பார்ப்பதுமே முக்கியம். தலையில் பொடுகு உண்டா, முகத்தில் நிரந்தரச் சிவப்பு உண்டா, தொல்லை எப்போது அதிகம் என்று மருத்துவர் கேட்பார். இமை ஓர அழற்சி பெரும்பாலும் காலையில் வாட்டும். சாதாரணக் கண் வறட்சியோ மாலையில் கூடும்.

அடுத்து, ஸ்லிட் லேம்ப் என்னும் உருப்பெருக்கிக் கருவியில் இமையை ஆராய்வார். முடியின் அடியில் காய்ந்த, கடினமான செதில்கள் இருந்தால் பாக்டீரியாக் கிருமி காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள செதில்கள் பொடுகைக் காட்டும். முடியின் அடியைக் குழாய்போல் சுற்றிய படிவு, டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணியின் அடையாளம். கண்ணைக் கீழ்நோக்கச் சொன்னால் இது தெளிவாகத் தெரியும்.

பிறகு இமையை மெல்ல அழுத்துவார். நல்ல சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் வரும். நோயுற்ற சுரப்பியிலிருந்து கலங்கலாகவோ, பற்பசைபோல் கெட்டியாகவோ வரும். எதுவும் வராமலும் போகலாம். கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் இட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்ப்பார். 10 விநாடிக்குக் குறைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள்.

அலட்சியம் வேண்டாம்

இமை ஓர அழற்சி வழக்கமாக இரு கண்களிலும் வரும். ஒரே கண்ணில் மாதக்கணக்கில் நீடித்தால், ஒரே இடத்தில் கட்டி மீண்டும் மீண்டும் வந்தால், அங்கே இமை முடி உதிர்ந்தால், உடனே கண் நிபுணரிடம் செல்ல வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் இதே தோற்றத்தில் மறைந்திருக்கும். இமைப் புற்றுகளில் இதன் பங்கு மேலைநாட்டினரைவிட ஆசியர்களிடம் அதிகம். சிறு திசுவை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

கண் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் ஆகியவையும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். கண்புரை அறுவைக்குக் காத்திருப்போர் இமை அழற்சியை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லையேல் அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றும் அபாயம் கூடுகிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை ஆலோசனையின்றித் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பே கெடலாம்.

மருத்துவரிடம் போகும் நாளில் கண் மை தீட்டாதீர்கள். செதில்களை அது மறைத்துவிடும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். இதுவரை போட்ட சொட்டு மருந்துப் புட்டிகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இது முழுமையாக மறையாவிட்டாலும் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய். வெதுவெதுப்பான துணியால் தினமும் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம், பிறகு இமை ஓரத்தை மெல்லத் துடைத்தல் ஆகியவையே பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை. பல் துலக்குவதுபோல் இதையும் அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.